மறக்காத தோல்

ரவிக்கையின் கை முடியும் இடத்தைக் கண்ணாடியில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஆண்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வார் இருந்த இடத்தைப் பார்க்கலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கிறது தோல். இந்தப் பக்கம் கருத்து, சொரசொரத்து, அங்கங்கே புள்ளி விழுந்திருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே சோற்றைத் தின்று வளர்ந்தவை. ஒன்று வெயிலில் நின்றது, இன்னொன்று துணிக்குள் இருந்தது. முகத்திலும் கையிலும் முதுமை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வெயிலின் வேலை.

உட்தோலை ஒரு கயிற்றுக் கட்டிலாக நினைத்துக்கொள்ளலாம். கயிறு, கொலாஜன் என்னும் புரதம். ஈரத்தை நீக்கிவிட்டால் உட்தோலின் எடையில் முக்கால் பங்கு இதுதான். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இந்தக் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருக்கின்றன. பழைய கயிற்றை அறுத்து அகற்றச் சில நொதிகளும் உண்டு. திரிப்பதும் அறுப்பதும் சமமாக நடக்கும்வரை கட்டில் விறைப்பாக இருக்கும். வெயில் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. தோல் சிவக்கக்கூடப் போதாத அளவு புற ஊதாக் கதிர் பட்டாலே அறுக்கும் நொதிகள் பெருகிவிடுகின்றன என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் காட்டினார்கள். தினமும் கொஞ்சம் அறுபடுகிறது. தினமும் நடக்கும் ஒட்டுவேலையில் கொஞ்சம் குறை தங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுக் குறைகள் சேர்ந்தால் அதற்குச் சுருக்கம் என்று பெயர்.

கட்டிலை மறுபடி முறுக்க முடியுமா? அழகுசாதன அலமாரியில் இருக்கும் பெரும்பாலான க்ரீம்கள் செய்வது ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான். தோல் சற்று உப்பும், சுருக்கம் சில மணி நேரம் மறையும், முகம் கழுவினால் திரும்பி வந்துவிடும். இதற்கு விலக்காக நின்று, ஆய்வுக்கூடத்திலும் தேறிய ஒரு குடும்பம் ரெட்டினாய்டுகள். இவை வைட்டமின் ஏயின் பிள்ளைகள். மாலைக்கண் வராமல் காக்கும் அதே வைட்டமின்தான்.

இந்தக் குடும்பத்தில் உண்மையில் வேலை செய்வது ரெட்டினாயிக் அமிலம். மருந்துச் சீட்டில் இதன் பெயர் டிரெட்டினாயின். செல்லின் உட்கருவுக்குள் இதற்கென்றே ஏற்பிகள் காத்திருக்கின்றன. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் சால்க் நிறுவனத்தின் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் 1987இல் இவற்றைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அமிலம் ஏற்பியில் போய் அமர்ந்ததும் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில அடங்குகின்றன. மேல்தோல் செல்கள் விரைவாகப் பிறந்து விரைவாக உதிர்கின்றன. நிறமித் திட்டுகள் கலைகின்றன. உட்தோலில் அறுக்கும் நொதிகள் அடங்க, திரிக்கும் செல்கள் மறுபடி வேலைக்கு வருகின்றன. வெளியிலிருந்து கொலாஜனைக் கொண்டுவந்து நிரப்பும் வேலை இதில் இல்லை. தோல் தன் கையால் திரித்துக்கொள்ளும் கயிறு இது.

இந்த மருந்து சுருக்கத்துக்காகப் பிறந்ததில்லை. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதைப் பருவுக்கு மருந்தாக்கினார். 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பருவுக்காகப் பூசிவந்த நடுவயதுப் பெண்கள் சிலர், பருவோடு முகச் சுருக்கமும் குறைந்திருப்பதாகச் சொல்ல, கதை திரும்பியது. வெயிலில் மூத்த தோலுக்கு இம்மருந்து உதவுவதாகக் கிளிக்மன் குழு 1986இல் எழுதியது.

இந்தக் கதையில் ஒரு கறையும் உண்டு. கிளிக்மன் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் எத்தனையோ பொருள்களைச் சோதித்தார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிறு தொகைக்காக முதுகைக் காட்டிய அவர்களுக்கு, தங்கள்மேல் பூசப்படுவது என்னவென்றே சரியாகச் சொல்லப்படவில்லை. 2021இல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியும் 2022இல் நகர நிர்வாகமும் மன்னிப்புக் கேட்டன. கிளிக்மன் 2010இலேயே இறந்திருந்தார். இன்று நாம் பூசும் களிம்புக்கு அவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை 1988இல் மிச்சிகனிலிருந்து வந்தது. முப்பது பேர், பதினாறு வாரம். ஒரு முன்கையில் 0.1 சதவீத டிரெட்டினாயின், மறு முன்கையில் மருந்தில்லாத வெறும் களிம்பு. எந்தக் கையில் எது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் மருந்து பட்ட கைகள் தேறியிருந்தன. வெறும் களிம்பு பட்டவை அப்படியே இருந்தன. செய்தி பரவியதும் பரு மருந்தைத் தேடி அமெரிக்க மருந்துக்கடைகளுக்கு மக்கள் படையெடுத்தார்கள். 1993இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு தோலுக்குள் நடப்பதை அளந்தது. பத்துப் பன்னிரண்டு மாதம் பூசியவர்களின் தோலில் புதுக் கொலாஜன் உருவாவது 80 சதவீதம் கூடியிருந்தது. வெறும் களிம்பு பூசியவர்களிடம் அது 14 சதவீதம் குறைந்திருந்தது.

எனக்குப் பிடித்த சோதனை இதற்கும் பிறகு வந்தது, 2007இல். பங்கேற்றவர்கள் 36 பேர். சராசரி வயது 87. ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட இடம் மேற்கையின் உட்புறம். வெயிலே படாத இடம் என்பதால் அங்கே தெரியும் தளர்ச்சி வயதுக்கு மட்டுமே சொந்தம். ஒரு கையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினால் 0.4 சதவீதம், இன்னொன்றில் வெறும் லோஷன், வாரத்துக்கு மூன்று முறை வரை, 24 வாரம். ரெட்டினால் பட்ட கையில் மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன. நீரைப் பிடித்துவைக்கும் பொருள்களும் கொலாஜனின் மூலப்பொருளும் கூடின. எண்பத்தேழு வயதிலும் தோல் தன் தொழிலை மறந்திருக்கவில்லை. சொல்ல ஆள் இல்லாமல் சும்மா இருந்திருக்கிறது.

கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ரெட்டினால், டிரெட்டினாயினின் பலத்துக்கு நெருங்காது. தோலுக்குள் போய் முதலில் ரெட்டினால்டிஹைடாக மாறி, பிறகு ரெட்டினாயிக் அமிலமாக மாறினால்தான் அதற்கு வேலை. வழியில் பெரும்பகுதி வீணாகும். ஆனால் எரிச்சலும் அதே அளவு குறையும். பலமானது வேண்டுமென்று 0.1 சதவீதத்தில் தொடங்கவும் தேவையில்லை. 48 வார ஒப்பீடு ஒன்றில் 0.025 சதவீதம் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது, எரிச்சலோ வெகுவாகக் குறைவு.

முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். இரவில், முகம் கழுவி நன்றாகக் காய்ந்தபின், முதலில் வாரம் இரண்டு நாள் மட்டும். கண்ணிமை, மூக்கு மடிப்பு, வாயோரம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். மேலே மாய்ஸ்சரைசர் தடவலாம். முதல் சில வாரம் சிவக்கும், தோல் உரியும். ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் டியூபைத் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். இடைவெளியைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நிறமும் வழவழப்பும் சில வாரங்களில் மாறும். சுருக்கம் அசைய நாலு மாதமாவது ஆகும்.

கை கால்களின் கணக்கு வேறு. முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால் அது பட்ட எரிச்சலிலிருந்து விரைவில் மீளும். முன்கையிலும் கெண்டைக்காலிலும் அந்தச் சுரப்பிகள் குறைவு. சீக்கிரம் வறண்டு அரிக்கும், ஆறவும் நாளாகும். ஆகவே அங்கே இன்னும் மெதுவாகத் தொடங்கி, மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவ வேண்டும். மருந்து பூசும் காலத்தில் கடலைமாவுத் தேய்ப்பு, ஸ்க்ரப் எல்லாம் வேண்டாம். பூசும் இடத்தில் வேக்சிங் செய்தால் தோல் பிய்ந்து வந்துவிடக்கூடும். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடக்கூடாது.

நம் போன்ற மாநிறத் தோலுக்கு மெலனின் ஒரு நல்ல காவல். சுருக்கம் தாமதமாகத்தான் வரும். அதற்கு முன்பே மங்கும் கரும்புள்ளியும் வந்துவிடும். எரிச்சல் பட்ட இடமும் கருத்துப்போகும் தோல் இது. அவசரப்பட்டு அள்ளிப் பூசினால், போக்க நினைத்த கருமை இரட்டிப்பாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு வடிவில் வருகிறது. டிரெட்டினாயினோடு ஹைட்ரோகுயினோனையும் ஸ்டீராய்டையும் சேர்த்த மூன்று மருந்துக் களிம்புகள், மங்குக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருபவை. நம் ஊரில் பலர் இவற்றைச் சிவப்பழகு க்ரீமாக நினைத்து மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்து, பருவையும் மயிரையும் வளர்த்து, பூசாத நாளில் முகத்தை எரிய வைக்கும். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆகவே டியூபின் பின்புறம் உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிட்டுப் பூசுங்கள்.

ரெட்டினாய்டு ஒத்துவராதவர்களுக்கு இப்போது பேசப்படுவது பக்குச்சியால். சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்குப் பயன்படும் கார்போகரிசியிலிருந்து பிரிப்பது இது. 2019இல் 44 பேரிடம் நடந்த 12 வாரச் சோதனையில், இதற்கும் ரெட்டினாலுக்கும் சுருக்கத்தைக் குறைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் விதையை வீட்டில் அரைத்துப் பூசிவிடாதீர்கள். அதில் சொராலென் என்ற பொருளும் உண்டு. அது பட்ட தோல் வெயிலில் வெந்துபோகும்.

இரவெல்லாம் திரித்த கயிற்றைப் பகல் வெயில் அறுத்துக்கொண்டிருந்தால் எந்தக் களிம்பாலும் பயனில்லை. ரெட்டினாய்டு பூசுபவர் காலையில் சன்ஸ்க்ரீன் தடவியே ஆகவேண்டும். இரவில் ஒரு பட்டாணி அளவு மருந்து, பகலில் ஒரு குடை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் குடையைப் பிடியுங்கள்.