பட்டறையில் மட்டும் மக்கர் பண்ணாத லாரி

டீ குடிக்க நிறுத்திய லாரியில் ஏறிச் சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. பேட்டரி டெர்மினலை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் எத்தனை முறை அடித்தாலும் அத்தனை முறையும் ஸ்டார்ட் ஆகும். டிரைவர் கதை விடுகிறார் என்று முதலாளி நினைப்பார். ஆட்டோ எலக்ட்ரீசியன் அப்படி நினைக்கமாட்டார். வந்து வந்து போகிற கோளாறு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கண்ணாமூச்சிக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடம். வழவழப்பாகத் தெரிகிற டெர்மினல்கூட நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்து எவ்வளவு இறுக்கினாலும் மேடுகள் மட்டுமே முட்டிக்கொள்ளும். மொத்த மின்சாரமும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் போயாகவேண்டும். சுவீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோல்ம் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பெரிய நூலே எழுதினார்.

லாரி குலுங்கும்போது இந்தப் புள்ளிகள் தலைமுடியின் தடிமன்கூட இல்லாத தூரத்துக்கு முன்னும் பின்னும் உரசுகின்றன. ஒவ்வொரு உரசலிலும் கனெக்டரின் வெள்ளீயப் பூச்சு சுரண்டப்பட்டு, காற்றுபட்டு ஆக்சைடாகி, மின்சாரம் கடத்தாத கரும்பொடியாக இடையில் சேர்கிறது. அந்த இணைப்பில் உள்ள விளக்கு அணைகிறது. அடுத்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது சுத்தமான புள்ளி ஒன்று அகப்பட்டால் திரும்ப எரிகிறது. கனெக்டரைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் பொடி துடைபட்டுச் சரியாகிவிடும். பார்ட்ஸை மாற்றினாலும் இதேதான் நடக்கும். சென்சார் மாற்றியதால் சரியாயிற்று என்று நம்பி எத்தனை நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போயினவோ!

மீட்டர் வைத்தால் தெரியாதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். 400 ஆம்பியர் போகும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 4 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த ஒரு மூட்டில் 1,600 வாட் சூடு, அதாவது சாதாரண அயர்ன்பாக்ஸைவிட அதிகம். ஆனால் சாதாரண மீட்டரின் ஒயருக்கே அதைவிடக் கூடுதல் தடை உண்டு. ஓம் அளக்க அது அனுப்புவதும் மில்லியாம்பியர் அளவு மின்சாரம்தான். கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் ‘பீப்’ என்று கத்தி, எல்லாம் நலம் என்றுவிடும்.

அதனால் தெரிந்தவர்கள் ஓம் பார்ப்பதில்லை, வோல்ட் பார்க்கிறார்கள். அதுவும் வேலை நடக்கும்போது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஒருவர் செல்ஃப் அடிக்கவேண்டும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் கவலையில்லை. இரண்டு மூன்று காட்டினால் அவற்றை இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றிப் பார்க்கலாம்: பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், இல்லையென்றால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கும்.

எர்த் விட்டுப்போனால் நடக்கும் வேடிக்கையைப் பழைய பல்பு வண்டிகளில் பார்க்கவேண்டும். பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் பிரேக் லைட் எரியாது, அணைத்து வைத்த பார்க் லைட் எரியும்! 21 வாட் பிரேக் பல்பைக் கடந்த மின்சாரம், எர்த்துக்குப் போக வழியில்லாமல் பக்கத்திலிருக்கும் 5 வாட் பார்க் பல்பில் தலைகீழாக ஏறி, பார்க் ஒயர் வழியே மற்ற விளக்குகளுக்குப் போய் அங்கே எர்த் தேடிக்கொள்கிறது. அந்தச் சிறு மின்சாரம் பெரிய பல்பைச் சூடாக்கக்கூடப் போதாது. சின்னப் பல்புக்குத் தாராளம். பல்பு மாற்றி மாற்றி அலுத்துப்போவார்களே தவிர, எர்த் போல்ட்டைத் தொடுகிறவர் குறைவு.

எப்போதாவது வந்துபோகும் ஷார்ட் இன்னொரு ரகம். அதற்குப் பட்டறைகளில் ஒரு நல்ல உத்தி உண்டு. பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி, அந்த வரிசையிலுள்ள விளக்கு, மோட்டார் எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிடுவார்கள். ஷார்ட் ஆனாலும் பல்பு இழுக்கும் அளவுக்கு மேல் மின்சாரம் போகமுடியாது, பியூஸும் வீணாகாது. பிறகு ஒயர் கட்டை, அதாவது ஹார்னஸை, சாண் சாணாக அசைத்துக்கொண்டே போகவேண்டும். பல்பு பளிச்சென்று எரியும் இடத்தில் டேப்பைப் பிரித்தால், சேஸிஸ் ஓட்டையின் விளிம்பில் உரசி உரசித் தோல் போன ஒயர் கிடைக்கும். ஒயரை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டைக்கு ரப்பர் புஷ் போடாமல் விட்டால், அதே வண்டி அதே புகாரோடு திரும்ப வரும்.