புற்றுநோய்க்குத் துணைபோகும் செல்கள்

இரைப்பைப் புற்றுநோயில் லைனிடிஸ் பிளாஸ்டிகா என்றொரு வகை உண்டு. நல்ல இரைப்பை சாப்பிடச் சாப்பிட விரிந்துகொடுக்கும். இந்த நோய் கண்ட இரைப்பையோ தடித்த தோல்பை போல விறைத்துவிடும். நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். எண்டோஸ்கோபியில் கட்டியோ புண்ணோ கண்ணில் படாமல் போகலாம். உட்படலத்தில் கிள்ளியெடுத்த பயாப்சியில் ஒன்றுமில்லை என்று முடிவு வருவதும் உண்டு. ஆனால் சுவரின் ஆழத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புற்றுச் செல்கள் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சூழ்ந்து அடர்ந்திருப்பதெல்லாம் நார்த்திசு. இந்த நோயைப் புற்றுச் செல்களின் கதையாக மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

அந்த நார்த்திசுவை உண்டாக்குபவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். காயம் பட்ட இடத்தில் கொலாஜனைச் சுரந்து சதையைச் சேர்ப்பது அவற்றின் இயல்பான வேலை; காயம் ஆறியதும் அடங்கிவிடும். புற்று வந்த இடத்தில் அவை அடங்குவதில்லை. புற்றுக்கட்டிகள் ஆறாத காயங்கள் என்று 1986இல் ஹெரால்ட் டுவோராக் எழுதியதன் பொருள் இதுதான். டிஜிஎஃப்-பீட்டா போன்ற சைகைப் புரதங்கள் அவற்றை ஓயவிடாமல் முடுக்குகின்றன. பதிலுக்கு அவை ஹெச்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, புற்றுச் செல் பெருகவும் இடம்பெயரவும் உதவுகின்றன. மரபணுப் பிழை இருப்பது புற்றுச் செல்லில்தானே, இவை வெறுமனே பக்கத்தில் இருப்பவைதானே என்று கேட்கலாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு நேரடியாகவே பதில் தந்தது. எலிகளின் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மட்டும் டிஜிஎஃப்-பீட்டாவை உணரும் ஏற்பியை நீக்கினார்கள். உட்படலச் செல்களின் மரபணுக்களில் கைவைக்கவில்லை. ஆனாலும் அந்த எலிகளின் முன்இரைப்பை உட்படலத்தில் புற்று வந்தது. முடுக்கும் அதே சைகை கடிவாளமாகவும் இருந்திருக்கிறது; அது அறுந்ததும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஹெச்ஜிஎஃப்பை மிகுதியாகச் சுரந்திருந்தன. முன்இரைப்பை மனிதருக்கு இல்லாத உறுப்பு என்பதால் இதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. துணைச் செல்கள் கெட்டால் பக்கத்துச் செல் வழிதவறும் என்பது மட்டும் ஐயமின்றித் தெரிகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு மருத்துவமனைகளிலிருந்தே வருகிறது. ஹெச்ஜிஎஃப்பைத் தடுக்கும் ரிலோட்டுமுமாப் என்ற மருந்தை, முற்றிய இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்குக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் இறப்பு கூடுதலாக இருந்ததால் 2014இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு, கணையப் புற்று வந்த எலிகளில் ஃபைப்ரோபிளாஸ்ட்களை அழித்துப் பார்த்த ஆய்விலும் புற்று மேலும் மூர்க்கமானது. அப்படியானால் இந்தக் கருத்தே தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் செல்கள் ஒரே குணம் கொண்டவை அல்ல. சில புற்றை வளர்க்கின்றன, சில அதைக் கட்டிவைக்கின்றன. ஒரு சைகையை அடைத்தால் வேறொன்று அந்த வேலையைச் செய்துவிடும். எல்லாவற்றையும் ஒழித்தால் கட்டும் அவிழ்ந்துவிடும். அழிப்பதை விட்டு, கெட்டதைப் பழைய இயல்புக்குத் திருப்பும் வழியைத் தேடவேண்டும் என்றுதான் இந்தத் தோல்விகள் சொல்கின்றன. புற்றுச் செல்லை விட்டு அதன் சுற்றத்தைக் குறிவைப்பது வீண்வேலை அல்ல என்பதற்கும் சான்று உண்டு. ரத்தக்குழாய்ச் செல்களைக் குறிவைக்கும் ராமுசிருமாப் மருந்து, பாக்லிடாக்செல் என்ற கீமோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது முற்றிய இரைப்பைப் புற்றுநோயாளிகளின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 7.4 மாதத்திலிருந்து 9.6 மாதமாகக் கூடியது. இரண்டு மாதம்தான், இருந்தாலும் அது மெய்யான பலன்.

இதைவிடப் பெரிய பலன் நோய் வருவதற்கு முன்பே கிடைக்கக்கூடியது. இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை 1994லேயே புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது பல பத்தாண்டுகள் இரைப்பையில் அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்கிறது. உட்படலமும் அதைத் தாங்கும் திசுவும் சேர்ந்தே கெடுகின்றன. பரிசோதித்துக் கண்டுபிடித்து, ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலோரிடம் கிருமி ஒழிந்துவிடும், புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும். உட்படலம் நிலையாகச் சிதைவதற்கு முன் கொடுத்தால் பலன் இன்னும் கூடுதல்.