பிள்ளையை மக்கு என்று சொல்லாதீர்கள்!

பெற்றோர்களே! வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்லும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறதா? எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறதா? பிரம்பைத் தேடாதீர்கள். 1896-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து டாக்டர் பிரிங்கிள் மோர்கன் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். அவனுக்கு அறிவில் குறைவில்லை, வாசிப்புதான் வரவில்லை. இன்று இதை டிஸ்லெக்சியா என்கிறார்கள்.

கமுந்திங் வட்டாரத்துப் பெற்றோர் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பிறகு பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களோடு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். தேவையானால் தைப்பிங் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். டாக்டர் உறுதி செய்தால், சமூகநல இலாகாவில் பதிந்து, சிறப்புக் கல்வி வகுப்புக்கும் மனுச் செய்யலாம்.

நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும். பிள்ளையின் படிப்பு போகக்கூடாது.