'அந்த நாள்' படத்தின் கதைப்பின்னல்

எஸ். பாலசந்தர் இயக்கி 1954-ஆம் ஆண்டில் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்', தமிழில் தோன்றிய துப்பறியும் படங்களுள் தலையாயது எனப் பலராலும் போற்றப்படுவது. பாடலும் ஆடலும் இன்றித் தமிழ்ப்படம் ஒன்று இயலும் என்று அது காட்டிற்று. அக்காலத்தில் அஃது எளிய துணிவன்று. ஜாவர் சீதாராமனின் உரையாடற் செறிவையும், ஒளியும் இருளும் விரவிய காட்சியமைப்பையும் நாமும் மதிக்கின்றோம். நம் ஐயமெல்லாம் கதைப்பின்னலைப் பற்றியதே.

1943-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சப்பானியர் சென்னையில் குண்டு வீசிய மறுநாள், வானொலிப் பொறியாளனாகிய ராஜன் சுடப்பட்டு இறக்கின்றான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி ஆகிய ஐவரும் உசாவப்படுகின்றனர். இவ்வமைப்பை நோக்கி, அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தோடு இதனை இணைவைத்துப் பேசுதல் வழக்காகிவிட்டது. அவ்வொப்புமை பொருந்துமா? 'ராஷோமோ'னில் கள்வனும் மனைவியும் இறந்தோன் ஆவியும் கொலையைத் தத்தம் செயலாகவே கூறுகின்றனர். தம்மை எவ்வாறு பிறர் காணவேண்டும் என்னும் வேட்கையே அவர்தம் பொய்க்கு வித்து. 'அந்த நாள்' மாந்தரோ ஒருவர் மற்றொருவரைச் சுட்டுகின்றனர். அவர் கூறுவன சான்றுரைகள் அல்ல, ஊகங்கள்.

ஊகமாயின் ஊகமாகவே காட்டியிருக்கலாம். அளவை நூலார் காண்டல் வேறு, கருதல் வேறு எனப் பிரித்தனர். மணிமேகலை பயின்றார்க்கு இது புதிதன்று. இப்படமோ, ஒருவர் கருதியதையும் கண்முன் நிகழ்ந்ததையும் ஒரே தெளிவோடு திரையில் நிறுத்துகின்றது. 'காண்போரை ஏமாற்றுதல் இவ்வகைப் படத்திற்கு உரிமை' எனச் சிலர் கூறுவர். உரிமையே; ஆயின் ஏமாற்றப்பட்டவன் பின்னர்த் திரும்பி நோக்குங்கால், விடைக்குரிய குறிப்பு முன்னரே கிடந்தது எனக் காணுதல் வேண்டும். இங்கு நால்வர் கூற்றும் சொத்து, பகை, காமம் என இல்லத்துள்ளேயே சுழல்கின்றன. கொலையின் காரணமோ நாட்டைக் காட்டிக்கொடுத்தல். முன்னவை பின்னதற்கு வழியாகவில்லை; காலம் போக்க உதவின, அவ்வளவே.

இதனினும் பெரிய குறை உஷாவின் செயலில் உள்ளது. தன் ஆராய்ச்சியைத் தாயகம் மதிக்கவில்லை என்று வெகுண்டு பகைவர்க்கு உளவு கூறும் கணவன். அவனை நேசித்தே மணந்த மனைவி. நாடு பெரிதோ, கணவன் பெரிதோ என்னும் முரண் இது. படம் முழுதும் தாங்கத்தக்க இப்பொருள் இறுதியில்தான் தலைகாட்டுகின்றது. தலைகாட்டியும் முடிவு பெறவில்லை. துப்பாக்கியை ஏந்திய உஷா சுடத் துணியாது தயங்குகின்றாள். அந்நிலையில் விசை தானே அழுந்திவிடுகின்றது! கொலை நிகழ்கின்றது, கொன்றவள் இல்லை.

கற்புடை மனைவி கணவனைக் கொன்றாள் எனக் காட்ட அஞ்சினர் போலும். அவ்வச்சம் தமிழ் மரபு தந்தது எனல் பொருந்தாது. இன்று நூலாகக் கிட்டாத குண்டலகேசியின் கதையை உரைவழி அறிகின்றோம்: தன்னைக் கொல்லக் கருதிய கணவனை, இறுதியாக வலம்வர வேண்டுவாள் போல நெருங்கி, மலையுச்சியினின்று தள்ளுகின்றாள் தலைவி. அவள் எண்ணியே செய்தாள். அதன்பின் துறவும் வாதமும் அவள் வாழ்வில் பொருள் பெற்றன. உயிர்காத்தற் பொருட்டு ஒரு பெண் செய்ததாகப் பழங்கதை கூறத் துணிந்ததை, நாட்டின் பொருட்டு ஒருத்தி செய்தாள் எனக் கூற இப்படம் துணியவில்லை. இத்தனைக்கும் 'பராசக்தி' (1952) வெளிவந்து ஈராண்டே ஆன நிலையில், சிவாஜி கணேசனை நாட்டுப் பகைவனாகக் காட்டத் துணிந்தவர்கள் அவர்கள். பண்டரிபாய் அக்காட்சியில் உறுதியும் கலக்கமும் ஒருங்கே தோன்ற நடித்திருக்கின்றார். அம்முகத்தில் நாம் காணும் முடிவைக் கதை எழுதியோர் அவருக்கு வழங்கவில்லை.