விரல் மரத்துப் போகிறதா? கவனியுங்கள்!

காங்கிரீட் உடைக்கிற டிரில்லிங் மெஷின், கிரைண்டிங் மெஷின் என்று அதிரும் கருவியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவரா உங்கள் வீட்டுக்காரர்? ராத்திரி கையை உதறிக்கொண்டு, "மரத்துப் போச்சு" என்றால், வேலை அலுப்பு என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

1918-லேயே அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண்மணி ஆராய்ந்தார். குளிர் பட்டால் அவர்கள் விரல்கள் வெள்ளை வெளேரென்று வெளுத்து மரத்துப் போயின. ஓயாத அதிர்வு, விரலின் சின்ன ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்துவிடுகிறது. நம்ம ஊர் வெயிலில் வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது. மதமதப்பும் பிடி தளர்வதும்தான் தெரியும்.

பிரிட்டனில் 2005-ஆம் வருஷச் சட்டப்படி, இந்த ஆபத்துள்ள தொழிலாளிகளின் உடல்நிலையை முதலாளியே தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்யணும். வருஷா வருஷம் கேள்வித்தாள்; கோளாறு தெரிந்தால் பரிசோதனை.

அதை நாமும் வீட்டில் கேட்கலாமே! விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா? சட்டைப் பித்தான் போட, சில்லறை பொறுக்கத் தடுமாற்றமா? ஆமென்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். என்ன கருவி, தினம் எத்தனை மணி நேரம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே அதிர்வைக் குறைத்தால் மேலும் முற்றாமல் தடுக்கலாம். முற்றிய பிறகு விரலின் உணர்ச்சி முழுசாகத் திரும்புவது கஷ்டம். பீடி, சிகரெட்டும் ரத்தக் குழாயைச் சுருக்கும். அதையும் விடச் சொல்லுங்கள்.