வெள்ளித் தேரும் தங்கத் தேரும்: தண்ணீர்மலையின் ஊர்ப்பெருமை

திருவாரூருக்குத் தேரும் மன்னார்குடிக்கு மதிலும் அழகு என்பது போல, ஊரின் பெயரோடு பெருமையையோ கேலியையோ முடிந்து வைக்கும் பேச்சைச் சிற்றூர்களில் சொலவடை என்பார்கள். தன் ஊரை ஒரு படி தூக்கிப் பேசுவதும் அடுத்த ஊரைச் சிரிக்கச் சிரிக்க மட்டந்தட்டுவதும் அதில் உண்டு. கடல் கடந்தவர்கள் இந்த வழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டே போயினர் என்பதற்குப் பினாங்கின் தண்ணீர்மலை நல்ல சான்று.

அருவியை ஒட்டி இப்பெயர் பெற்ற மலையில், 2012இல் குடமுழுக்குக் கண்ட பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். கோலாலம்பூரை அடுத்த பத்துமலைக்கோ 272 படிகள்தாம். ஆனால் அங்கே 2006 முதல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை நிற்கிறது. ஆகவே ஒரு சாரார் படியை எண்ணினால் மறுசாரார் சிலையை அண்ணாந்து காட்டலாம். முருகன் இருவருக்கும் பொது என்பதால் தீர்ப்புச் சொல்லத்தான் ஆளில்லை.

தேரின் கதை இன்னும் சுவையானது. ஒரே கூரையின் கீழ்ப் பலர் தத்தம் பெட்டியோடு அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தும் கிட்டங்கிகளில் தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 1894இல் தாய்நாட்டிலிருந்து வெள்ளித் தேர் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தனர். தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து அது புறப்பட்டால், தண்ணீர்மலைச் சாலையிலுள்ள அவர்களது கோயிலை அடைய இரவாகிவிடும். வழிநெடுகச் சீனர்களும் தமிழர்களும் குவியல் குவியலாக உடைக்கும் தேங்காய்களை வாரி ஒதுக்க இயந்திர வண்டிகளே வர வேண்டியிருக்கிறது.

நூறாண்டுக்கு மேல் எதிரில்லாமல் உலா வந்த வெள்ளிக்கு 2017இல் தங்கம் எதிரே வந்தது. மலைக்கோயிலுக்கான அந்தத் தேர், குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேலை ஏந்திப் புறப்பட்டது. துணைத் தேர் என்பாரும் உண்டு, ஏட்டிக்குப் போட்டி என்பாரும் உண்டு. இரண்டையும் சேவிப்பவர்கள்தாம் புத்திசாலிகள்.

தேர் செல்வந்தரின் பெருமை என்றால், எளியவரின் கைத்திறன் காவடியில் தெரியும். மரத்தண்டும் வளைவுமாக இருந்த பழைய காவடி, இங்கே அலுமினியச் சட்டமும் மயிற்பீலியும் கொண்ட ஆளுயரக் கோபுரமாக வளர்ந்துவிட்டது; பாரம் இடுப்புக்கும் தோளுக்கும் பிரிந்து இறங்கும்படி பட்டைகளை அமைத்துவிடுவதால், பார்ப்பவர் கண்ணுக்கு மலைப்பாகவும் சுமப்பவருக்குக் கூடியவரை இலேசாகவும் அது 513 படிகளை ஏறுகிறது.