விலை உயர்ந்த பயிற்றுநர்: இலாபமா, நட்டமா?

1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் உடற்பயிற்சி மண்டபத்து மேல்மாடத்தில் இரண்டு பீச் பழக் கூடைகளை அறைந்து வைத்து, தம் மாணவரை இரு பிரிவாக்கிப் பந்தெறியச் செய்தார். அவ்வாறு பிறந்ததே கூடைப்பந்தாட்டம். அந்த ஆட்டத்தை இன்று பந்தைக் கையாலும் தொடாமல் ஆடுவோர் பலர் உளர். அவர்கள் கணினியின் முன் அமர்ந்து, கற்பனைக் கழகம் ஒன்றின் முகாமையாளராக விளங்குகின்றனர்.

'பஸர்பீற்றர்' என்பது அத்தகைய இணைய விளையாட்டுக்களுள் ஒன்று. இதிலே நாம் வீரரை வாங்கலாம், விற்கலாம், அணியை வகுக்கலாம், பயிற்றுநரை ஏலத்தில் எடுத்து வாராந்தச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். பயிற்றுநர்களுக்குத் தரவரிசை உண்டு. தரம் உயர உயர வீரர் விரைவாகத் தேறுவர். சம்பளமும் உடன் உயரும். ஆகவே இதனை ஆடும் மாணவர் ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள் ஒரு கேள்வியை எதிர்நோக்குகின்றனர்: பெருஞ்சம்பளப் பயிற்றுநருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாதா?

சிலர், "கழகத்தின் உயிர்நாடியே பயிற்றுநர்தான், கடன்பட்டேனும் மிகச் சிறந்தவரை அமர்த்து" என்பர். வேறு சிலர், "அந்தப் பணத்துக்கு ஆயத்தமான வீரன் ஒருவனை வாங்கிவிடலாமே" என்பர். இரு சாராரும் பயிற்றுநரையே நோக்குகின்றனர். பயில்பவர் யார், எத்தனை பேர் என்பதை அவர்கள் நோக்குவதில்லை. விடை அங்கேதான் இருக்கின்றது.

இவ்விளையாட்டின் விதியைச் சற்று ஆராய்வோம். வாரத்துக்கு ஒரு பயிற்சியையே தெரிவு செய்யலாம். அதன் முழுப் பயனையும் பெற, வீரன் அந்த வாரத்தில் உரிய நிலையில் 48 நிமிடம் களத்தில் நின்றிருத்தல் வேண்டும். ஒரு போட்டியின் நேரமும் 48 நிமிடமே. வாரத்தில் 3 போட்டிகள். எனவே, ஒரு நிலைக்கு மட்டும் பயிற்சி அளித்தால் 3 வீரரே முழுப் பயன் அடைவர். இரண்டு நிலைகளுக்கு விரித்தால் 6 பேர் பயன்பெறலாம். ஆனால் வேகம் குறையும். வாங்கில் அமர்ந்திருப்பவனுக்கு உலகத்திலேயே சிறந்த பயிற்றுநராலும் இம்முறையில் யாதும் கற்பிக்க இயலாது.

இனி வயதைப் பார்ப்போம். பதினெட்டு, பத்தொன்பது வயதினர் விரைவாகக் கற்பர். வயது ஏற ஏற வேகம் தளரும். உடல் உயரமும் ஒரு காரணமாகும். நெட்டையர் கூடையின் அருகே ஆடும் திறன்களை எளிதிற் பெறுவர். குட்டையர் தொலைவிலிருந்து ஆடும் திறன்களை எளிதிற் பெறுவர். இவற்றைப் பாராது பயிற்சி அளிப்பது, மண்ணின் தன்மையை அறியாது விதைப்பதை ஒக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். இது விளக்கத்துக்காக வைத்துக்கொள்ளும் தொகையே. சாதாரணப் பயிற்றுநருக்கு வாரச் சம்பளம் 10,000 என்றும், உயர்தரத்தவருக்கு 30,000 என்றும் கொள்வோம். முன்னவரிடம் பயிலும் வீரன் 4 வாரத்தில் ஒரு படி ஏறுகின்றான். பின்னவரிடம் பயில்பவன் 3 வாரத்தில் ஏறுகின்றான். 12 வாரத்தில் முன்னவன் 3 படியும் பின்னவன் 4 படியும் ஏறியிருப்பர். மேலதிகச் செலவு 2,40,000. மூன்று இளைஞர் பயின்றிருந்தால், மேலதிகமாகக் கிட்டிய ஒவ்வொரு படிக்கும் விலை 80,000. ஒருவனே பயின்றிருந்தால், அதே படிக்கு விலை 2,40,000! ஒரு படி கூடியதனால் வீரனின் சந்தை விலை எவ்வளவு உயரும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இலாபமும் நட்டமும் தாமே புலப்படும். திறன் வளர்ந்த வீரனுக்கு அடுத்த பருவத்திற் சம்பளமும் வளரும் என்பதை மறந்துவிடலாகாது.

மெய்யான களத்திலும் இதற்கோர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் டெட்ரோயிற் பிஸ்ரன்ஸ் கழகம் 2022-23 பருவத்தில் 82 போட்டிகளில் 17இல் மட்டுமே வென்றது. 2023ஆம் ஆண்டில் அது மொன்ரி வில்லியம்ஸ் என்பவரை 6 ஆண்டுகளுக்கு 7 கோடி 85 இலட்சம் டொலருக்குப் பயிற்றுநராக அமர்த்தியது. முந்திய ஆண்டிலேதான் அவர் சிறந்த பயிற்றுநர் விருதைப் பெற்றிருந்தார். ஆயினும் அடுத்த பருவத்தில் அக்கழகம் தொடர்ந்து 28 போட்டிகளிற் தோற்று, மொத்தம் 14 வெற்றியே கண்டது. 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவர் நீக்கப்பட்டார். புதிய பயிற்றுநர் வந்தார். அனுபவமிக்க வீரர் சிலரும் சேர்ந்தனர். இளைஞரும் ஓராண்டு முதிர்ந்தனர். 2024-25இல் 44 வெற்றிகள் கிட்டின. வில்லியம்ஸ் திறமையற்றவர் என்று இதனால் முடிவு கட்டுதல் நியாயமன்று. பயிற்றுநரின் சம்பளத்தை மட்டும் உயர்த்தி அணியின் நிலையை உயர்த்திவிட முடியாது என்பதே இதிற் கிடைக்கும் பாடம்.

ஆகவே, பஸர்பீற்றர் ஆடும் இளைஞர் பயிற்றுநரை ஏலத்தில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் நன்று. என்னிடம் கற்கும் வயதினர் மூவராவது உளரா? சில தோல்விகளைப் பொறுத்துக்கொண்டேனும் அவர்களைக் களத்தில் நிறுத்த எனக்குத் துணிவு உண்டா? பலன் கிட்டும்வரை ஒரு பருவமாயினும் காத்திருக்கப் பொறுமை உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்பதே விடையாயின், உயர்தரப் பயிற்றுநர் தம் சம்பளத்தை ஈட்டித் தருவார். ஒன்றுக்கேனும் 'இல்லை' எனில், நடுத்தரத்தவரே போதும். மிச்சப் பணத்தை இளம் வீரரைத் தேடுவதிற் செலவிடலாம்.

பயிற்றுநர் பெருக்கும் எண்ணைப் போன்றவர். பெருக்கப்படும் எண் பூச்சியமாயின், அவர் எத்துணைப் பெரியவராயினும் விடை பூச்சியமே. இதனை ஒரு பிள்ளை விளையாட்டிலேயே கணக்கிட்டுத் தெளிந்துகொண்டால், கணினி முன் கழிந்த அந்நேரம் முற்றும் வீண் என்று பெற்றோர் வருந்த வேண்டியதில்லை.